பந்து விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டவர்

தை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, வெயில் சாய்கிற நேரம். ஆழிக்குடிக்காரர்களுக்கும் எங்கள் கருக்குவிளைக்காரர்களுக்கும் வாலிபால் இறுதிப் போட்டி. கடைசி செட், இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் கிடைத்தால் கோப்பை எங்களுக்கு என்கிற நிலையில், ஆழிக்குடிப் பையன் ஓங்கி அடித்த அடியை எங்கள் ஜெபக்குமார் செம்மண்ணில் விழுந்து எடுத்தான். எடுத்த பந்து மேலே போனது, நெட்டைத் தாண்டி, டியூப்லைட் கட்டின கம்பத்தைத் தாண்டி, ரெண்டு பனை உயரத்துக்குப் போய், அங்கேயே நின்றுகொண்டது.

ஆட்டக்காரர்கள் கைகளைக் கோர்த்தபடி, முழங்காலை மடக்கி, தலையை அண்ணாந்து நின்றார்கள். நடுவர் வாயில் வைத்த விசிலோடு நின்றார். பந்து தரையைத் தொடாமல் விசில் ஊதக்கூடாது, அது சட்டம். இருட்டியதும் லைட்டைப் போட்டார்கள். பந்து அங்கேதான் இருந்தது. சரி, வரும்போது வரட்டும் என்று பெண்கள் நாங்கள் வீட்டுக்குப் போய், பாலுக்கு உறை ஊற்றி, பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். காலையில் சோற்றுப் போணியோடு திரும்பிப் போனபோதும் ஆண்கள் அதே இடத்தில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள், வாயில் ஈ போனாலும் தெரியாது போல.

எங்கள் ஊர் ஆண்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கருக்குவிளையில் பெண் பார்க்க வருகிறவனிடம் என்ன படித்திருக்கிறாய், என்ன சம்பாதிக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், நீ எந்த இடத்தில் ஆடுவாய் என்றுதான் கேட்பார்கள். பந்தை விரல்நுனியில் தூக்கிக் கொடுக்கிற செட்டரா, அடிக்கிறவனா, பின்வரிசையா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பலகாரத் தட்டு வெளியே வரும். ஆட முடியாத வயது வந்தவன் பார்க்க வேண்டும், பார்க்கிறவன் கத்த வேண்டும், கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு மறுநாள் கடையில் சைகையால் சாமான் கேட்க வேண்டும். ஆம்பளை என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். பிடிக்குமா என்று எவனிடமும் யாரும் கேட்டதில்லை, மூச்சு விடப் பிடிக்குமா என்று யாராவது கேட்பார்களா?

சுயம்புலிங்கத்துக்கு வாலிபால் பிடிக்காது. அவர் இந்த ஊர்க்காரர் இல்லை, அம்பாசமுத்திரம் பக்கம் வயக்காட்டு ஊரிலிருந்து எங்கள் செல்வக்கனியைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, மாமனாரின் வாடகைப் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொண்டவர். பெண் பார்க்க வந்த அன்று, எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று கேட்டதற்கு, அவருடைய அண்ணன் காதுக்குள் சொல்லிக்கொடுத்தபடி, செட்டர் என்று சொன்னார். செட்டர் என்றால் ஏதோ கடை ஷட்டர் இழுக்கிற வேலை என்றுதான் அன்றைக்கு அவர் நினைத்திருந்தார். கல்யாணம் முடிந்து மைதானத்துக்குக் கூட்டிப் போனபோது முழங்காலில் வலி என்று சொல்லி ஒதுங்கியவர்தான், அந்த வலி பிறகு எத்தனையோ வருடம் சரியாகவே இல்லை.

அந்த முதல் நாள் அவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். புது ஊர், எல்லாம் புது முகம், மருமகப்பிள்ளை என்று மரியாதையாக ஒதுக்கி வைத்திருந்தார்கள், பேச்சுக்கு ஒருவர் இல்லை. அப்போதுதான் தண்ணி லாரி ஓட்டுகிற ஞானதிரவியம், தன் துண்டை உதறி செம்மண்ணில் விரித்து, பாதியில் தான் உட்கார்ந்துகொண்டு மீதிப் பாதியைத் தட்டிக் காட்டி, "வாரும்வே, நின்னுக்கிட்டே பாத்தா ஆட்டம் தெரியாது" என்றார். சுயம்புலிங்கம் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு கல்யாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பிறந்து படித்து வெளியூருக்குப் போனார்கள், தலை நரைத்தது, துண்டுகள் கிழிந்து புதுத் துண்டுகள் வந்தன, அந்தப் பாதித் துண்டில் சுயம்புலிங்கத்தைத் தவிர வேறு எவரும் உட்காரவில்லை.

எப்போது கத்துவது என்று சுயம்புலிங்கத்துக்குத் தெரியாது. ஆட்டத்தைப் பார்க்காமல் ஞானதிரவியத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகம் மலர்ந்து வாய் திறக்கும்போது இவரும் வாயைத் திறப்பார், அந்த முகம் சுருங்கினால் இவரும் ச்சே என்று தொடையில் அடித்துக்கொள்வார். ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவில், ஆட்டக்காரர்கள் தண்ணி குடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், ஞானதிரவியம் பக்கத்தில் திரும்பி, "சாப்பிட்டீரா?" என்பார், "கடையில கூட்டம் உண்டா?" என்பார். அந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான் சுயம்புலிங்கம் மூணு மணிக்கே குளித்துத் தலைசீவிக்கொண்டு கிளம்புவார். அதற்குள் விசில் ஊதிவிடும், ஞானதிரவியம் திரும்பிக்கொள்வார். இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்கள் பெண்கள் கறிவேப்பிலை கேட்கப் போவோம், பொழுது சாயும்வரை உட்கார்ந்து பேசுவோம், கறிவேப்பிலையை மறந்துவிட்டு வெறுங்கையோடு வருவோம். ஆண்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஒருவன் இன்னொருவன் வீட்டு வாசலில் போய் நின்றால் யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது பத்திரிகை வைக்க வேண்டும், அல்லது வரப்புத் தகராறாக இருக்க வேண்டும். ஞானதிரவியத்தின் மனைவி எஸ்தர் இறந்தபோதுகூட சுயம்புலிங்கம் போய் கடையின் பெரிய அண்டாக்களை இறக்கிவைத்துவிட்டு, கையைப் பிடிக்க நினைத்து, பிடிக்காமல், அண்டா மூடியைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டார். அதை நினைத்து அவர் பிறகு பல நாள் வேதனைப்பட்டார்.

பந்து கீழே வராததால் ஊர் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. எங்கள் வாலிபால் கழகத் தலைவர் தங்கப்பழம் உடனே கமிட்டியைக் கூட்டி, ஆட்டம் நடந்துகொண்டிருப்பதாகவே கணக்கு, அது முடியாமல் வேறு எந்தப் போட்டியும் கிடையாது என்று முடிவு செய்தார். ஆட்டக்காரர்கள் இரவும் பகலும் முறைவைத்து அண்ணாந்து நின்றார்கள். மாற்று ஆளை இறக்க ஆழிக்குடிக்காரர்கள் முறைப்படி கையைக் காட்டி அனுமதி கேட்டார்கள். நடுவர் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவர், லீவு தீர்ந்ததும் காலையில் ஆபீசுக்குப் போய்விட்டு மாலையில் வந்து ஏணியில் ஏறி விசிலை வாயில் வைத்துக்கொண்டார். டிவிக்காரர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், பந்து எதுவும் செய்யாததால் போரடித்துப் போய்விட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் 'பந்துக்குத் தென்புறம்' என்று மண்டபத்துக்கு வழி போட்டார்கள். ஒரு மைனா அதன்மேல் உட்கார்ந்து பார்த்து, வழுக்கவே, வேறு இடம் தேடிக்கொண்டது. பந்தின் நிழல் மத்தியானம் விழுகிற இடத்தில் பல் முளைக்காத குழந்தையைக் கிடத்தினால் சீக்கிரம் முளைக்கும் என்று எவளோ கிளப்பிவிட்டாள், நாங்களும் கிடத்தினோம், முளைத்தது.

ஆண்கள் மட்டும் மாலையானால் மைதானத்துக்கு வந்தார்கள். வேறு எங்கே போவது என்று அவர்களுக்குத் தெரியாது. வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, மேலே பார்த்தார்கள். கத்துவதற்கு ஒன்றும் இல்லை. இவ்வளவு ஆண்கள் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததை ஊர் அதற்கு முன் கண்டதில்லை. முதலில் இருமினார்கள், பிறகு கொட்டாவி விட்டார்கள், பிறகு ஒரு நாள், ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

ஞானதிரவியம் லாரியின் கிளட்ச்சில் ஆரம்பித்தார். கிளட்ச்சிலிருந்து டயருக்கு வந்து, டயரிலிருந்து உப்பாற்றுப் பாலத்துக்கு வந்து, பாலத்தில் ஒரு நாள் எஸ்தரை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனதற்கு வந்து, அங்கே நின்றார். பிறகு மேலே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவளுக்குக் காத்தாடி சுத்துத சத்தம் கேட்டாக்கூட முழிப்புத் தட்டிரும்வே. விடியக்காலம் லோடு எறக்கிட்டு வரும்போது தெருமுக்குலேயே இஞ்சின ஆஃப் பண்ணி, வண்டிய சும்மா உருட்டிக்கிட்டே வந்து வாசல்ல நிப்பாட்டுவேன். இப்பமும் அப்படித்தான் நிப்பாட்டுதேன். யாருக்குன்னுதான் தெரியல."

சுயம்புலிங்கம் ஞானதிரவியத்தின் முழங்கை தன் முழங்கையில் படுகிற மாதிரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் அவரும் பேசினார். சின்ன வயதில் அண்ணனுக்குப் பயந்து வைக்கோல் படப்புக்குள் ஒளிந்தது, மாமனார் கடையில் முதல் வருடம் அழுதது எல்லாம் சொன்னார். மழை வருவதற்கு முன்னால் வருகிற காற்று தனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தக் காற்றுக்காகவே கடையை அடைத்துவிட்டு மாடியில் போய் நிற்பதுண்டு, இதை யாரிடமும் சொன்னதில்லை என்றார். "இதுல சொல்லாம இருக்க என்னவே இருக்கு?" என்று ஞானதிரவியம் சிரித்தார். அந்தச் சிரிப்பு, எந்தப் பாயிண்டுக்காகவும் இல்லாமல், தனக்காகவே சிரித்த சிரிப்பு, சுயம்புலிங்கத்தை அன்று முழுக்க சந்தோஷமாக வைத்திருந்தது.

பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. பந்து இறங்கிவிட்டால்? இறங்கினால் விசில் ஊதும், அடுத்த போட்டி தொடங்கும், ஞானதிரவியத்தின் முகம் நெட்டுக்குத் திரும்பிவிடும், மறுபடி ரெண்டு வார்த்தைக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். கமிட்டிக்காரர்கள் தீயணைப்பு வண்டியை வரவழைத்து ஏணி போட்டுப் பார்த்தார்கள், வண்டி தேரி மணலில் புதைந்து, அதைத் தூக்க இன்னொரு வண்டி வந்தது. அன்றைக்கு சுயம்புலிங்கத்துக்கு நெஞ்சு அடித்த அடி கொஞ்சநஞ்சம் இல்லை. அதற்குப் பிறகு அவர் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்தார். பந்துக்கு நேர் கீழே நின்று, கண் இமைக்காமல் பார்த்து, சாஸ்தாவே, அது அங்கேயே இருக்கட்டும், அது அங்கேயே இருக்கட்டும் என்று உதடு அசைய வேண்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை.

ஊர் பார்த்தது. இப்படி ஒரு வெறியனை நம் ஊர் கண்டதில்லை என்று சொன்னது. பந்து இறங்கி நம் ஆட்கள் ஜெயிக்க வேண்டும் என்று மருமகப்பிள்ளை விரதம் இருக்கிறார், பிறந்த ஊர்க்காரனுக்கு இல்லாத பற்று இவருக்கு இருக்கிறது பாருங்கள் என்று ஆண்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். பெண்டாட்டி செல்வக்கனி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நம் ஊரில் ஒருவரை மெச்ச வேண்டுமென்றால் என்ன செய்வோம்? பொன்னாடை போர்த்துவோம். தங்கப்பழம் கமிட்டியைக் கூட்டி, சுயம்புலிங்கத்துக்கு 'விளையாட்டுச் செம்மல்' என்று பட்டம் கொடுப்பதாக முடிவு செய்தார். பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் சுயம்புலிங்கத்தின் கையில் ஒரு பந்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள், அவர் அதைப் பூசணிக்காய் வாங்கினவர் மாதிரி வைத்திருந்தார்.

விழா மைதானத்திலேயே நடந்தது. ஆழிக்குடிக்காரர்களும் வந்திருந்தார்கள். மைக் கரகரத்தது. தங்கப்பழம் நீளமாகப் பேசினார், நம் ஆண் பிள்ளைகளுக்கு ரத்தத்திலேயே ஊறியது இந்த ஆட்டம் என்றார், அதற்கு சாட்சி இந்த மருமகப்பிள்ளை என்றார், ஜரிகைச் சால்வையைப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில், நாற்காலி போட்டும் உட்காராமல், தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஞானதிரவியம் பக்கத்து ஆளிடம், "என் பக்கத்துல உக்காருத மனுசன்வே" என்று சொன்னது மேடைவரை கேட்டது. முகம் பெருமையில் மலர்ந்திருந்தது. பாதித் துண்டு காலியாக இருந்தது.

சுயம்புலிங்கம் நன்றி சொல்லத்தான் மைக்கைப் பிடித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் நன்றி வரவில்லை. விடியக்காலம் இஞ்சினை அணைத்து வண்டியை உருட்டிக்கொண்டு வருவதைச் சொன்ன மனிதனிடம் இனி ஒரு பொய்யும் சொல்லமுடியாது என்று அவருக்குப் பட்டது.

"எனக்கு வாலிபால் புடிக்காது" என்றார். மைக் அதை மூன்று தெருவுக்குச் சொன்னது.

யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. "நான் செட்டரு இல்ல. முழங்கால்ல வலியும் இல்ல. எப்பமுமே புடிச்சதில்ல. பந்து எறங்கணும்னு நான் வேண்டல, விழக்கூடாதுன்னுதான் வேண்டுனேன். மன்னிச்சிருங்க."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு ஆண்களுக்கு முன்னால், மைக்கில், அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கூட்டம் முழுக்க, கைகோர்த்து நின்ற ஆட்டக்காரர்கள், ஏணியில் இருந்த நடுவர், ஐஸ் விற்கிறவர், கைக்குழந்தையோடு நின்ற நாங்கள், எல்லோரும் கழுத்தைத் தாழ்த்தி மேடையைப் பார்த்தோம். தை மாதத்துக்குப் பிறகு பந்தை ஒருவர்கூடப் பார்க்காமல் இருந்தது அந்த ஒரு நொடிதான். தொப்பென்று சத்தம் கேட்டது. திரும்பியபோது அது நெட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்தது.

எந்தப் பக்கம் விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் என்றார்கள் அவர்கள், அவர்கள் பக்கம் என்றோம் நாங்கள். நடுவர் சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நானும் அண்ணாச்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். கோப்பையை இரண்டு ஊருக்கும் பொதுவாக ஸ்கூல் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அந்த அமளியில், ஞானதிரவியம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேடைப் பக்கம் பார்க்காமல் போனதை சுயம்புலிங்கம் பார்த்துக்கொண்டே நின்றார். சால்வையை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை, செல்வக்கனிதான் வந்து எடுத்து மடித்தாள்.

யாரும் அவரை அடிக்கவில்லை, வையவும் இல்லை. கடைக்கு வந்தால் அண்டா கேட்டார்கள், கரண்டி கேட்டார்கள், அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. ஊருக்கு அதைவிட ஆச்சரியமான வேறொன்றும் நடந்தது. அடுத்த போட்டி தொடங்கியபோது பாதி ஆண்கள் வரவில்லை. எனக்கும் அப்படித்தான் என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் யாரும் இல்லை. ஆனால் ஒருவர் மல்லிச்செடிக்குப் பாத்தி கட்டினார், ஒருவர் பேத்திக்குத் தலைசீவிப் பின்னல் போடப் படித்துக்கொண்டிருந்தார், தங்கப்பழமே மத்தியானத் தூக்கத்தைச் சாயங்காலம்வரை நீட்டினார். நாங்கள் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தோம்.

சுயம்புலிங்கத்துக்கு இது எதுவும் ஆறுதலாக இல்லை. மாலையானால் கை தானாகச் சீப்பை எடுத்துத் தலைசீவும், பிறகு எங்கே போவது என்று தெரியாமல் கட்டிலில் உட்காரும். மைதானத்துச் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். அதில் அவர் ஒரே ஒரு குரலைத் தேடினார். எத்தனை நாள் காதைக் கொடுத்துக் கேட்டும் அந்தக் குரல் கேட்கவில்லை. மழைக்கு முந்தின காற்று ஒரு நாள் வந்தது. அவர் மாடிக்குப் போகவில்லை.

செல்வக்கனி பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கே தெரியும், காப்பி டம்ளரே கைநழுவிப் போன ஆளு செட்டராம். அத வுடுங்க. லாரிக்கார அண்ணாச்சி வூட்டுக்குப் போய்ட்டு வாங்களேன்."

"என்னன்னு சொல்லிட்டுப் போக?"

"கால் இருக்குல்லா? அதவச்சு நடந்து போங்க."

"போயி என்னத்தச் சொல்ல?"

"அது எனக்கெப்படித் தெரியும்? எனக்கா அவரு வேணும்?"

சுயம்புலிங்கம் சீப்பை எடுத்து ஒரு தடவை தலைசீவினார். பிறகு எழுந்தார். கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போகலாமா என்று கடைக்குள் பார்த்தார், ஒரு குத்துப்போணிப் பாத்திரத்தை எடுத்தார், வைத்துவிட்டார். வெறுங்கையோடு, பட்டப்பகலில், அடைக்கலமாதா தெருவில், எல்லோரும் பார்க்க நடந்து போனார். போகிற வழியில் மூன்று பேர் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அவர் போய்க் கதவைத் தட்டினார்.

ஞானதிரவியம் லுங்கிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு திறந்தார். உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இவரைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"என்னவே, தண்ணி லோடு வேணுமா?"

"தண்ணி கெடக்கு."

"உம்ம பாத்திரம் ஏதும் இங்க நின்னுபோச்சா?"

"இல்ல."

"பின்ன? யாரும் தவறிட்டாங்களா?"

"இல்லவே."

கேட்பதற்குக் காரணங்கள் தீர்ந்துபோய், ஞானதிரவியம் கரண்டியோடு நின்றார். எதிர்வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் ஆய்வதை நிறுத்தினாள். சுயம்புலிங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மப் பாக்காம இருக்க முடியல. அதான் வந்தேன்."

ஞானதிரவியம் தெருவைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். பேச ஆரம்பித்தபோது குரல் உடைந்திருந்தது.

"இத்தன வருசமா எங்கூட உக்காந்து கத்துனீரே. அதுல ஒண்ணுகூடவா நெசமில்ல?"

"ஆட்டத்தப் பாத்து நான் எப்பவே கத்துனேன்? உம்ம மூஞ்சியப் பாத்துல்லா கத்துனேன். நீரு சந்தோசப்பட்டீரு, எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அது அம்புட்டும் நெசம்."

உள்ளே குழம்பு பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. ஞானதிரவியம் திரும்பி உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. சுயம்புலிங்கம் வாசலில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.

"செருப்ப உள்ள கொண்டாந்து போடும்வே. ரொம்ப நேரம் வெளிய கெடந்தா நாய் தூக்கிட்டுப் போயிரும்."